திருத்தணிக்கு மேலே நின்ற விமானம்

செந்தில்நாதன் தன் முப்பத்திரண்டு வயதில் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. ஆனாலும் மைசூர் மேட்டகள்ளி நாலாவது கிராஸ் தெருவில் யார் வெளிநாடு கிளம்பினாலும் அவனிடம்தான் வந்து யோசனை கேட்பார்கள். எந்தப் பக்கம் சீட்டு வாங்கினால் முகத்தில் வெயில் அடிக்காது, எந்தக் கடலுக்கு மேல் குலுங்கும் என்றெல்லாம் நேரில் போய்ப் பார்த்தவன் மாதிரி சொல்லுவான். வேலை என்னவோ கம்பெனியில் லேத்தில் பம்ப் பாகம் கடைவது. ஷிப்டு முடிந்து வந்தால் பின்னறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவான். அதை விளையாட்டு என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும். சிமுலேட்டர் என்று திருத்துவான். நிஜ விமானம் எத்தனை மணி நேரம் பறக்கிறதோ இதிலும் அத்தனை மணி நேரம், அங்கே அந்த நேரத்துக்கு எந்தக் காற்று அடிக்கிறதோ இதிலும் அதே காற்று, இன்டர்நெட்டில் வந்துவிடும் என்பான். இதைக் கேட்ட அவன் மாமா சித்தையன், காற்றைக்கூடவா கம்பியில் அனுப்புகிறார்கள் என்று ஒரு மாதிரி பார்த்துவிட்டு தன் ஊரான ஹனூருக்கு பஸ் ஏறினார்.

இந்தப் பித்துக்கு ஒரு காரணம் உண்டு. அவனுக்கு நாலு வயது மூத்தவள் ரூபா. ஆறு வருடத்துக்கு முன்னால் கல்யாணமாகி கலிபோர்னியா போய்விட்டாள். அவள் வரும்போதும் போகும்போதும், அவள் ஏறுகிற விமானம் கிளம்பும் அதே நேரத்தில் இவனும் தன் விமானத்தைக் கிளப்புவான். பதினேழரை மணி நேரம். அக்கா அங்கே எந்தக் கடலுக்கு மேல் தூங்குகிறாளோ அதே கடலுக்கு மேல் இவனுடைய விமானமும் போய்க்கொண்டிருக்கும். தம்பிக்கு அக்காமேல் உயிர். அதை வாயால் சொல்லத் தெரியாத குடும்பம் அது, அதனால் பறந்து காட்டினான்.

அப்பா இல்லாத அந்த வீட்டில் அம்மா சொர்ணலதாவுக்கு இதில் ஆரம்பத்தில் நம்பிக்கை இல்லை. பிறகு அடிக்கடி வந்து எட்டிப் பார்த்து, இப்போது எங்கே என்று கேட்க ஆரம்பித்தாள். ஜப்பான் பக்கம் என்றால், சாப்பிட்டிருப்பாளா என்பாள். மூன்று வருடத்துக்கு முன்னால் ரூபா கைக்குழந்தையோடு வந்தபோதுதான் அந்தச் சம்பவம் நடந்தது. அவளுடைய விமானம் வந்து சேர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. செந்தில் அவசரப்பட்டு முன்னாலேயே இறக்கப் போய், ஓடுபாதையைத் தாண்டி வயலில் குத்திவிட்டான். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. பின்னால் நின்றிருந்த அம்மா அதைப் பார்த்தாள். போய் விளக்கேற்றி அதன் முன்னால் உட்கார்ந்தவளுக்கு, ரூபாவின் போன் வருகிற வரையில் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

போன் வந்த பிறகு எழுந்து வந்து சொன்னாள். "இனிமே அவ எறங்கிட்டேன்னு போன் பண்றதுக்கு முன்னாடி நீ எறக்காத கண்ணு. சும்மா வெளையாட்டுக்குக்கூட வேண்டாம்."

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். சிமுலேட்டரிலேயே அதற்கொரு வழி இருந்தது. நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் வைத்துக்கொள்வதுதான். விமானம் மேலே ஏறிவிட்டால் தானாகவே போகும். ஓட்டுகிறவன் தூங்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணத்துக்கே போய் மொய் எழுதிவிட்டு வரலாம். இறங்க ஆரம்பிக்க வேண்டிய இடம் வந்ததும் அது ஆகாயத்தில் அப்படியே நின்றுகொள்ளும். நேரமும் நின்றுவிடும். ஆள் வந்து பொத்தானைத் தட்டினால்தான் இரண்டும் நகரும். செந்தில் அன்றைக்கே அப்படிச் செய்து வைத்தான்.

அம்மாவுக்கு அது நிரம்பப் பிடித்துப்போனது. பெங்களூருக்கு வருகிற விமானம் எப்போதும் திருத்தணிக்கு மேலே வந்து நிற்கும். அவள் அதற்கு ஒரு கும்பிடு போடுவாள். விமானம் நின்றுவிட்டது என்றால் மகள் வாசலுக்கு வந்துவிட்ட மாதிரி அவள் கணக்கு. உடனே குக்கரை அடுப்பில் ஏற்றுவாள். பெங்களூரிலிருந்து மைசூருக்கு வர நாலு மணி நேரமாகுமே, சோறு ஆறிவிடுமே என்றால் கேட்கமாட்டாள். ரூபாவின் போன் வந்து, இறங்கிவிட்டாள் என்று காதால் கேட்ட பிறகு, பின்னறைப் பக்கம் திரும்பி, "எறக்கு கண்ணு" என்பாள். அதற்குப் பிறகுதான் இவன் பொத்தானைத் தட்டுவான்.

அந்த அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, வாயுவாகத்தான் இருக்கும் என்று சொல்லிப் படுத்தாள். ஆட்டோ வந்து நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ரூபாவுக்கு அங்கே காலை நேரம். போனில் அவள் அழவில்லை, அல்லது அழுவது இவனுக்குக் கேட்கவில்லை. "நான் வர்ற வரைக்கும் அம்மாவ வெச்சிரு செந்தில். மூஞ்சிய ஒரு தடவ பாத்துக்கறேன். வேற எதுவும் எனக்கு வேண்டாம்" என்றாள். வைத்திருக்கிறேன் அக்கா, நீ வா என்று வாக்குக் கொடுத்தான்.

ஐஸ் பெட்டி வந்தது. ஹனூரிலிருந்து சித்தையன் மாமாவும், அம்மாவின் தங்கை பாப்பாயி சின்னம்மாவும், இன்னும் ஒரு வேன் நிறைய உறவுக்காரர்களும் வந்தார்கள். குழந்தையைக் கணவனிடம் விட்டுவிட்டு ரூபா தனியாக ஏறிய விமானத்தில் ஏதோ கோளாறு, ஐந்து மணி நேரம் தாமதம். திங்கட்கிழமை மாலை நாலே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால்தான், கதவை மூடிவிட்டார்கள், போனை அணைக்கச் சொல்கிறார்கள் என்று செய்தி அனுப்பினாள். செந்தில் எழுந்து நேராகப் பின்னறைக்குப் போய்த் தன் விமானத்தைக் கிளப்பினான். கூடத்தில் அம்மா கிடக்கிறாள், இவன் இதைச் செய்தான். ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்கவில்லை. அக்கா எங்கேயோ வந்துகொண்டிருக்கிறாள் என்பது ஒரு இடத்திலாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் போலிருந்தது அவனுக்கு.

பாப்பாயி சின்னம்மா வந்து பார்த்துவிட்டாள். இழவு வீட்டில் டிவி ஓடலாமா என்று கேட்டாள். இது டிவி இல்லை என்றும், அக்கா வருகிற வழி என்றும் இவன் குழறினான். அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். பிறகு கொடியில் கிடந்த அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்றை எடுத்து, திரைமேல் போர்த்திவிட்டாள். ஓடுகிறது ஓடட்டும், ஆனால் மூடியிருக்கட்டும் என்பது அவள் தீர்ப்பு. அன்றிரவு முழுக்க அவ்வப்போது போய், சேலையின் அடி ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்ப்பான். இன்னும் எவ்வளவு நேரம் என்று காட்டும் எண், திரையின் அடியில்தான் இருந்தது. பதினோரு மணி. எட்டு மணி. ஐந்து.

போனும் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. கம்பெனி ஆட்கள், தெருக்காரர்கள், விஷயம் கேள்விப்பட்ட தூரத்துச் சொந்தம். செவ்வாய்க்கிழமை காலை அவனே அதன் சத்தத்தை அடைத்து, சின்னம்மா கையில் கொடுத்தான். அக்கா கூப்பிட்டால் சொல்லுங்க என்றான். சின்னம்மா எழுத்து வாசனை இல்லாதவள், மணி அடித்தால் எடுக்கத் தெரியும், அவ்வளவுதான். சத்தத்தை அடைத்துவிட்டு அவளிடம் காவலுக்குக் கொடுத்த புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது! இரண்டு ராத்திரி கண்மூடாதவனுக்கு அது உறைக்கவில்லை. சின்னம்மா போனைப் பத்திரமாக பீரோவில் சேலைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினாள்.

ஒன்பதே முக்கால் மணி வாக்கில், அந்தச் சேலைக்கு அடியில், விமானம் திருத்தணிக்கு மேலே வந்து நின்றது. அம்மா இருந்திருந்தால் குக்கரை ஏற்றியிருப்பாள். யாரும் பார்க்கவில்லை. செந்தில் அப்போது வாசலில் மூங்கில் பிளக்கிறவர்களுக்குக் கயிறு கொடுத்துக்கொண்டிருந்தான்.

பதினொன்றரைக்குச் சித்தையன் மாமா அவனைத் தனியாகக் கூப்பிட்டார். ஐஸ் பெட்டி சரியாகக் குளிரவில்லை. கிட்டத்தட்ட நாற்பது மணி நேரம் ஆகிவிட்டது. வயிறு உப்ப ஆரம்பித்துவிட்டது, ஊதுபத்தியை மீறிக்கொண்டு வாடை வருகிறது, பெண்டுகள் பேசிக்கொள்கிறார்கள். மூன்று மணிக்கு ராகு காலம் பிறக்கிறது, நாலரை வரைக்கும் எடுக்க முடியாது.

"ரூபா எப்ப வருவா மாப்ள? மூணு மணிக்குள்ள வந்துருவான்னு நீ சொல்லு, போதும். எவன் என்ன பேசுனாலும் நான் வெச்சிருக்கறேன்" என்றார்.

செந்தில் பின்னறைக்கு ஓடினான். சேலையின் அடி ஓரத்தைத் தூக்கினான். இன்னும் முப்பத்திரண்டு நிமிடம் என்றிருந்தது. பத்து மணிக்கே இறங்கியிருக்க வேண்டுமே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. எதிர்க்காற்றாக இருக்கும், போன தடவைகூட அப்படித்தானே இழுத்தது என்று அவனே பதிலும் சொல்லிக்கொண்டான். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்குகிற நேரத்தில் யானைக்கு அது தெரியாது. திரையின் மேல் மூலையில், நின்றிருக்கிறது என்பதைச் சொல்லும் சின்ன எழுத்து, அம்மாவின் சேலைக்கு அடியில் இருந்தது. மூன்று வருடமாகத் தானாகவே நடக்கிற ஒன்றை அவன் நினைக்கவே இல்லை.

சின்னம்மாவிடம் போன் வந்ததா என்று கேட்டான். ஒன்றும் அடிக்கவில்லை கண்ணு என்றாள். அது உண்மைதான்.

பன்னிரண்டு மணிக்கு மேல் இறக்கம், வெளியே வர ஒரு மணி நேரம், பெங்களூரைத் தாண்டி மைசூருக்கு வர நாலு மணி நேரம். "அஞ்சு மணி ஆயிருங் மாமா" என்றான்.

மாமா அவன் தோளில் கை வைத்தார். "அஞ்சு மணிக்கு இருக்கற மூஞ்சிய அவ பாக்க வேண்டாம் மாப்ள. போன தடவ பாத்துட்டுப் போனாளே, அந்த மூஞ்சியே அவ மனசுல இருக்கட்டும்."

செந்தில் தலையாட்டினான். அக்காவிடம் கொடுத்த வாக்கு நெஞ்சை அறுத்தது. ஆனால் அவள் வந்து அந்த முகத்தைப் பார்த்து அலறுவதை நினைத்தால் அதைவிட அதிகமாக அறுத்தது. குளிப்பாட்டினார்கள். கோடி போர்த்தினார்கள். எல்லாரும் வாய்க்கரிசி போட்டு முடித்ததும், சின்னம்மா ஒரு பிடி அரிசியை எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். ரூபாவுக்கு என்றாள். ஒன்றரை மணிக்கு எடுத்துவிட்டார்கள்.

சுடுகாட்டில் குடம் உடைத்து, கொள்ளி வைத்து, திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொன்னார்கள். ஈர வேட்டியோடு நடந்தான். முதுகில் சூடு தெரிந்தது. கேட்டை நெருங்கும்போது ஒரு வாடகைக் கார் வந்து புழுதி கிளப்பி நின்றது. அதிலிருந்து, தெருவில் விசாரித்துக்கொண்டு வந்த ரூபா இறங்கினாள். கழுத்தில் இன்னும் விமானத்துத் தலையணை. உட்கார்ந்தே வந்து வீங்கிய கால். மணி மூன்றாக ஐந்து நிமிடம் இருந்தது. பெண்கள் அங்கே வருவதில்லை, யாரோ தடுக்கப் போனார்கள், மாமா வேண்டாம் என்று கை காட்டினார்.

அவள் தம்பிக்கு அந்தப் பக்கம், அவன் முதுகுக்குப் பின்னால் எழும்புகிற புகையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"பத்து மணிக்கே எறங்கிட்டேன்டா" என்றாள். "எத்தன போன் பண்ணினேன். டிரைவர் போன்லருந்துகூட பண்ணினேன். வேற யாரு நம்பரும் எங்கிட்ட இல்ல."

செந்திலுக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. முப்பத்திரண்டு நிமிடம் என்ற எண், தூக்காத சேலை, நிற்கிற விமானம். ரூபா அவனைத் தாண்டி உள்ளே போனாள். அம்மா என்று ஒரே ஒரு தடவை கூப்பிடுவது கேட்டது. திரும்பிப் பார்க்க எத்தனித்தான். மாமாவின் கை அவன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. திரும்பவில்லை. அக்காவின் குரல் நிற்கிற வரைக்கும் வெளியே ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் ரூபா, யார் எடுக்கச் சொன்னது என்று கேட்டாள். செந்தில் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். நான்தான் சொன்னேன், உன் தம்பி வைக்கலாம் என்றுதான் மன்றாடினான், ராகு காலம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன் என்றார். மணியைத் தப்பாகச் சொன்னது யார் என்று அவருக்குத் தெரியாதா என்ன. தாயில்லாமல் போன இரண்டு பேருக்கு நடுவில் இன்னொரு சாவு விழ வேண்டாம் என்று நினைத்திருப்பார். படிக்காத மனிதர், பெரிய மனிதர்.

ரூபா அவரோடு பேசுவதை நிறுத்தினாள். அவர் வாங்கி வந்த இட்லியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் சாம்பல் எடுத்து ஆற்றுக்குப் போனார்கள். சின்னம்மா எடுத்து வைத்த அரிசியைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்த ரூபா, வாய் இல்லாத சாம்பலில் அதைப் போட்டாள். மாமா பானையை வாங்கக் கை நீட்டியபோது, "நீங்க தொடாதீங்க. உங்க ராகு காலம் நல்லா இருக்கட்டும்" என்றாள். அறுபத்தைந்து வயது மனிதர், ஆற்றைப் பார்த்துக்கொண்டு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதற்குமேல் செந்திலால் முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்காவைப் பின்னறைக்குக் கூப்பிட்டான். மூன்று நாளாக அந்தப் பக்கமே யாரும் போகவில்லை. சேலையை முழுதாக எடுத்தான். விமானம் திருத்தணிக்கு மேலே, முப்பத்தாறாயிரம் அடியில், நல்ல காலை வெயிலில் நின்றுகொண்டிருந்தது. அடியில் முப்பத்திரண்டு நிமிடம். மேல் மூலையில் அந்தச் சின்ன எழுத்து.

சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. போனை அடைத்தது, சேலையின் ஓரத்தை மட்டும் தூக்கியது, எதிர்க்காற்று என்று நினைத்தது, மாமா மூன்று மணி வரைக்கும் வைத்திருக்கிறேன் என்றது.

ரூபா குனிந்து அந்தச் சின்ன எழுத்தைப் படித்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தான். அடித்திருந்தால் தேவலை.

"இது எதுக்கு நிக்குது?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ எறங்கிட்டேன்னு சொல்றதுக்கு முன்னாடி எறக்க வேண்டாம்னு அம்மா சொல்லுச்சுக்கா. உனக்கு எதுவும் ஆயிரக்கூடாதுன்னு."

அவள் அம்மாவின் சேலையை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு வெளியே போய், மாமாவின் காலடியில் உட்கார்ந்தாள். அவர் அவள் தலையில் கை வைப்பதை அவன் கதவிடுக்கு வழியாகப் பார்த்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடியும் வரைக்கும் ரூபா அவனுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்துப் போட்டாள், தூங்கினாயா என்று கேட்டாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. கிளம்புகிற அன்று கார் வாசலில் நின்றது. பெட்டியை ஏற்றிவிட்டு நிமிர்ந்தவனிடம், முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"செந்தில், இந்தத் தடவ நீ எங்கூட வராத."

எதைச் சொல்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. "சரிக்கா" என்றான்.

கார் போனதும் பின்னறைக்குப் போனான். விமானம் இன்னும் அங்கேயே நின்றது. பொத்தானைத் தட்டினால் அரை மணி நேரத்தில் இறங்கிவிடும். எறக்கு கண்ணு என்று சொல்ல ஆளில்லை. அப்படியே கம்ப்யூட்டரை அணைத்தான்.

ஆனாலும் பழக்கம் விடுமா. இப்போது ஏறியிருப்பாள், இப்போது கடலைத் தொட்டிருப்பாள் என்று வெறும் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தான். போனின் சத்தத்தை முழுதாக ஏற்றிக் கையிலேயே வைத்திருந்தான். ஷிப்டில் மெஷின் இரைச்சலுக்கு நடுவே கேட்காமல் போய்விடுமோ என்று சட்டைப்பையில் போட்டு நெஞ்சோடு அழுத்திக்கொண்டான். இறங்க வேண்டிய நேரம் வந்தது, போனது. ஒரு ராத்திரியும் போனது.

மறுநாள் சாயங்காலம் ஹனூரிலிருந்து மாமா கூப்பிட்டார். அம்மாவின் ரேஷன் கார்டு விஷயமாக ஏதோ கேட்டார். வைக்கப் போகும்போது, "ரூபா நல்லபடியா போய்ச் சேந்துட்டா. நேத்தே எனக்குப் போன் பண்ணிட்டா. உனக்குத்தான் மொதல்ல சொல்லிருப்பாளே" என்றார்.

"சொன்னாளுங் மாமா" என்றான் செந்தில்.